மயிலைக் கன்றின் தாய்

ஒரு பசுவின் கன்றை வேறொரு பசுவின் கன்று என்று எழுதினேன். எழுதும்போது அறியாமல் எழுதினேன். அறிந்த பிறகும் திருத்தாமல் விட்டேன். அதுதான் என் குற்றம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! கொலை, களவு என்று எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு, கன்றுக்குட்டியின் தாய் யார் என்பதெல்லாம் ஒரு பாவமா என்று தோன்றத்தான் செய்யும். எனக்கும் அப்படித் தோன்றிவிடாதா என்று எட்டு வருஷமாகக் காத்திருக்கிறேன்... தோன்றவில்லை.

தபால்காரர் எங்கள் வீதி முனையில் திரும்பினால் நான் வாசலை விட்டு உள்ளே போய்விடுகிறேன். ஆபீசில் யாராவது "அந்தப் பழைய நோட்டுப் புத்தகங்கள்..." என்று தொடங்கினால் அவசரமாக வேறு பேச்சை எடுக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்பதில்லை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, தெரிந்தவர்களில் யார் வாய் திறப்பார்கள் என்று ஓயாமல் ஆராய்ந்துகொண்டே இருக்கிறது.

என் உத்தியோகத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒரு பழைய பங்களாவில் கால்நடை ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அதில் நான் அளவெடுப்பவன். மயிலாப்பூரில் வீடு, பி.ஏ. தேறியவன், அப்போது தற்காலிக நியமனம். என் ஆயுதங்கள் ஒரு சைக்கிள், ஒரு அளவு நாடா, உயரம் பார்க்க ஒரு குச்சி, ஒரு நோட்டுப் புத்தகம். மந்தைவெளியில் பால்காரர்களின் கொட்டில்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் நெஞ்சுச் சுற்றளவு எத்தனை, உயரம் எத்தனை, தோளிலிருந்து வாலடி வரை நீளம் எத்தனை, மடி எப்படி, காம்பு எப்படி, வயிற்றடியில் ஓடும் பால் நரம்பு எவ்வளவு பருமன் என்று எழுதி வர வேண்டும். பிறகு அதன் கன்றுக்கும் அளவுகள். மூன்று மாதம் கழித்து மறுபடியும்.

மாடு சும்மா நின்று அளவு கொடுக்கும் என்று எண்ணாதீர்கள். நாடாவை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது மூச்சு விடும் வரை சாணியில் நின்று காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன்! அரை அங்குலம் சந்தேகம் என்றாலும் மறுபடி அளந்தேன். அளவில் நான் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. அதை மட்டுமாவது நீங்கள் நம்ப வேண்டும்... நம்பினாலும் பயனில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் தலைவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைப்போம். சீமையில் படித்துவிட்டு வந்தவர். நல்லவர். அதுதான் எனக்குச் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் பாதிப் பழியை அவர் தலையில் கட்டியிருப்பேன். தாயின் எந்தெந்த அங்க லட்சணம் கன்றுக்கு இறங்குகிறது? ஒரு காளையின் தாயைப் பார்த்து, அந்தக் காளைக்குப் பிறக்கப்போகும் கிடேரிகள் எவ்வளவு கறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இதுதான் அவர் தேடிய விடை. விடை கிடைத்ததும், நல்ல கறவையின் வயிற்றில் பிறந்த ஒரே ஒரு காளையைப் பொலிகாளையாக மந்தைவெளிக்கு விடுவது; மற்றக் காளைகளுக்கெல்லாம் காயடித்து விடுவது. சில வருஷத்தில் வீட்டுக்கு வீடு பால் பெருகும் என்பார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆகவே எல்லாம் ஒரே ஒரு கட்டத்தில் வந்து நின்றது. என் நோட்டுப் புத்தகத்தில் 'கன்றின் தாய்' என்று தலைப்பிட்ட கட்டம்.

அதை எப்படி நிரப்பினேன்? மாட்டின் பக்கத்தில் நின்று, "இது இதோட கன்னுதானே?" என்று கேட்பேன். "ஆமா சாமி" என்பார்கள். எழுதிக்கொள்வேன். வேறு எப்படிக் கேட்பது? நீங்களாக இருந்தால் எப்படிக் கேட்டிருப்பீர்கள்?

பொன்னம்மாள் என்று ஒரு பால்காரி. புருஷன் போன பிறகு ஆறு மாடுகளைத் தனியொருத்தியாகக் கட்டிக் காத்தவள். தினமும் காலையில் லட்சுமி என்ற செவலைப் பசுவைக் கன்றோடு எங்கள் வாசலுக்கே ஓட்டி வந்து, என் மனைவியின் கண்ணெதிரே கறந்து கொடுப்பாள். மந்தைவெளியில் லட்சுமியைப் போல் கறக்கும் மாடு வேறில்லை. பக்கத்துக் கொட்டில்காரர்களே ஒப்புக்கொண்ட சங்கதி அது. லட்சுமியோடு செவலை நிறத்தில் ஒரு காளைக்கன்று கட்டியிருந்தது. கொட்டிலின் மறு கோடியில் கறுப்பி என்ற மாடு. வேளைக்கு ஒரு படி கறந்தால் அதிசயம். அதனோடு சாம்பல் பூத்த மயிலை நிறத்தில் இன்னொரு காளைக்கன்று.

"செவலை, லட்சுமியோடது?"

"ஆமா சாமி."

"மயிலை, கறுப்பியோடது?"

"அப்டித்தான் வெச்சுக்கோ சாமி."

வைத்துக்கொண்டேன். செவலைக்குச் செவலை பிறந்திருக்கிறது என்று அடியில் ஒரு குறிப்பு வேறு எழுதினேன். அந்தக் குறிப்பை எழுதியபோது எனக்கு எத்தனை பெருமை!

கன்றுகள் வளர்ந்தன. அட்டவணை முடிந்தது. பொலிகாளையாக லட்சுமியின் பிள்ளையான செவலையை டாக்டர் தேர்ந்தெடுத்தார். அதை ஆபீஸ் வாங்கிக்கொண்டது. பொன்னம்மாள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சந்தோஷமாகவே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். காயடிக்கும் பட்டியலில் முதல் பெயர் மயிலை. ஆபீஸ் காளையின் சேவை இலவசமாகக் கிடைக்க வேண்டுமானால் சொந்தக் காளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி. அந்த விதித் தாளில், எதற்கு என்று கேட்காமலே முன்பு கைநாட்டு வைத்திருந்தாள். பட்டியலை நான் படித்துக் காட்டிய அன்றுதான் அவள் முகம் மாறியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நண்பகலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் மாடில்லாமல் வந்து நான் பார்த்ததே இல்லை.

"சாமி, மாடு இல்லாத எடத்துல ஒரு சேதி சொல்லணும். அதான் தனியா வந்துகீறேன்."

"என்ன பொன்னம்மா?"

"அந்தச் செவலை, லச்சுமி பெத்தது இல்ல சாமி. கறுப்பிகிட்ட கீதே மயிலை, அதான் லச்சுமி பெத்தது."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவள்தான் நிதானமாக விளக்கினாள். கன்று போட்டதும் லட்சுமிக்குக் கடும் ஜுரம். மடி கல்லாகிவிட்டது. அதே வாரத்தில் கறுப்பியின் கன்று செத்துப் போயிற்று. லட்சுமியின் கன்றைக் கறுப்பியிடம் விட்டாள். அதுவும் ஒட்டிக்கொண்டது. லட்சுமி தேறி எழுந்தபோது, பால் சுரக்க அதற்கொரு கன்று வேண்டுமே! சைதாப்பேட்டைப் பக்கம் யாரோ விற்ற கன்று ஒன்றைக் கொண்டுவந்து விட்டாள். அதுதான் செவலை. அதன் தாய் யார், எவ்வளவு கறந்தது... ஈசனுக்கே வெளிச்சம்.

"நான் கேட்டப்போ ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ மாட்டுகிட்ட நின்னுக்கினு கேக்குறே. இது உன் கன்னு இல்லேன்னு அது காதுல உழ சொல்லுவாங்களா சாமி? அப்பால பால் எறங்குமா? எங்க ஜனத்துல யாரும் சொல்ல மாட்டாங்க."

யாரும் சொல்ல மாட்டார்கள்!

"அப்போ மத்தக் கொட்டில்ல?"

"பாதிக்குப் பாதி மாத்திக் கட்டினதுதான். பட்டணத்துல கன்னு எங்க பொழைக்குது?"

இரண்டு வருஷம்! எத்தனை கொட்டில்கள், எத்தனை கன்றுகள்... ஒவ்வொன்றிலும் நான் மாட்டின் காதருகே நின்று கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் மாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை எனக்குச் சொன்ன பதில் என்று எழுதியிருக்கிறேன்.

"மயிலைய வுட்டுடு சாமி," என்று கை கூப்பினாள். "லச்சுமி ரத்தம் அது ஒண்ணுதான். அது இருந்தா நாலு கெடேரி தேறும், என் கொட்டிலு நிக்கும். பெரிய டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"பார்த்துக்கறேன்" என்றேன். அவள் நம்பிக்கையோடு போனாள்.

உள்ளே என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்னா, இது தெரியாமயா இத்தனை நாளா அளந்துண்டு வந்தேள்? நம்மாத்து வாசல்ல நின்னு பாத்திருந்தா போறுமே. அந்தச் செவலை முதுகுல உப்பைத் தடவினாத்தானே லட்சுமி நக்கினா? பெத்த கன்னுக்கு யாராவது உப்புத் தடவுவாளோ?"



"நாளைக்கே டாக்டர்கிட்டே சொல்லிடுங்கோ" என்றாள்.

சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்! வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். டாக்டரே எங்களுக்குக் கற்பித்த முறை ஒன்று உண்டு. பிழை நேர்ந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிழை செய்யாத ஆள் இல்லை, மறைப்பவன்தான் ஆராய்ச்சிக்கு உதவாதவன் என்பார். ஒரு கோடு... அவ்வளவுதான்.

அவர் அறைக்குள் நுழைந்தேன். அச்சுக்கூடத்திலிருந்து வந்த எங்கள் ஆராய்ச்சிப் புத்தகத்தின் புரூஃப் தாள்கள் மேஜை முழுதும் பரந்திருந்தன. முதல் பக்கத்தின் அடியில், அளவெடுத்து உதவியவர் என்று என் பெயர்! அச்சில் என் பெயரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"வாரும் சேஷாத்திரி. உம்முடைய டேபிள் பிரமாதம்! உம்மைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதியாச்சு," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஏதாவது சந்தேகம் உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடும். அச்சேறிட்டா நம்ம கையிலே இல்லை."

பாருங்கள், அவரே கேட்டார்! கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்!

"இல்லை சார்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு கன்றின் தாயைத் திருத்தினால் எல்லாக் கன்றுகளின் தாயையும் சந்தேகிக்க வேண்டும், புத்தகமே நின்றுபோகும், டாக்டரின் மனம் உடையும் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். டாக்டரின் மனமாம்! எனக்குப் பயம். வேறொன்றுமில்லை. பி.ஏ. படித்தவனுக்குத் தெரியாதது பால்காரிக்குத் தெரிந்திருக்கிறது என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்.

அந்த வியாழக்கிழமை மயிலைக்குக் காயடித்தார்கள். புதிதாக வந்த இரும்பு இடுக்கி, ரத்தம் சிந்தாது. வேற்று ஆள் பிடித்தால் மிரளும் என்று பொன்னம்மாளே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிஷம் வரை என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்லி நிறுத்தப் போகிறேன் என்று எண்ணினாள் போலும். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு ஒரு தரம் அலறியது. நான் தேதி போட்டு எழுதினேன்.

வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தாள். "சொன்னியா சாமி?"

"சொன்னேன் பொன்னம்மா. டாக்டர்தான் கேக்கலை."

"நீ இன்னா பண்ணுவே, பாவம்," என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்! என் கையில் இன்னும் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது...

அதன் பிறகு ஆபீஸ் காளையைத் தன் மாடுகளுக்கு விடத் தயங்கினாள். "தாய் தெரியாத கன்னாச்சே சாமி?" என்றாள். "அதனால என்ன? அளவெல்லாம் பாத்துத்தான் எடுத்திருக்கோம். நெஞ்சைப் பாரு, முதுகைப் பாரு," என்று நானே தேற்றினேன். ஒரு பொய்க்கு எத்தனை பொய் துணைக்கு வருகிறது! அக்கம்பக்கத்தில் வேறு காளையும் கிடையாது. எல்லாவற்றுக்கும் காயடித்தாயிற்று.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. உத்தரவைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன். வாங்கி சுவாமி விளக்கின் அடியில் வைத்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, இன்று வரையிலும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பொன்னம்மாளிடம் பால் வாங்க அவள் வாசலுக்கு வந்ததில்லை. வேலைக்காரியிடம் பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

புத்தகம் வெளிவந்து நல்ல பெயர் வாங்கியது. வடக்கே ஒரு மாகாணத்திலிருந்து ஒருவர் பாராட்டி எழுதினார். கடிதத்தின் கடைசி வரியில், மூல நோட்டுப் புத்தகங்களை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். கறையான் அரித்துவிட்டது என்று பதில் தயாரித்து டாக்டரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். "அடடா, என்ன நஷ்டம்!" என்று அவர் உண்மையாகவே வருந்தினார். மறு வாரமே ஆபீசுக்கு ஓர் இரும்பு அலமாரி வந்தது. கறையான் தொடாத நோட்டுப் புத்தகங்கள் என் வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஏன் எரிக்கவில்லை என்கிறீர்களா? தெரியவில்லை. இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன்.

செவலைக்குப் பிறந்த கிடேரிகள் பொன்னம்மாளின் கொட்டிலில் கன்று போட்டன. பால் சொற்பம். தலையீத்து அப்படித்தான் இருக்கும் என்றேன். இரண்டாம் ஈத்திலும் அதே சொற்பம். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக வேறு பால்காரரிடம் போயின. மாடுகளும் ஒவ்வொன்றாகக் கை மாறின. டாக்டர் அதற்குள் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது பொன்னம்மாள் வேறொருவர் கொட்டிலில் சாணி அள்ளுகிறாள்.

இதற்கெல்லாம் செவலைதான் காரணமா? இந்தக் கேள்வியைத்தான் நான் மென்றுகொண்டிருக்கிறேன். மந்தைவெளியில் வீடுகள் எழும்பி மேய்ச்சல் குறைந்தது. தீவனம் நல்லதாகக் கிடைக்கவில்லை. மயிலையே பொலிந்திருந்தாலும் கிடேரிகள் இப்படித்தான் கறந்திருக்குமோ என்னவோ! தாயின் குணம் மகன் வழியாகப் பேத்திக்கு இறங்குமா, இறங்காதா? அதை அறிவதற்காகத்தானே அந்த அட்டவணை போட்டோம்! அதையல்லவா நான் கெடுத்து வைத்திருக்கிறேன்! என் குற்றம் பெரிதா சிறிதா என்று அறிய இருந்த ஒரே வழியையும் நானே அடைத்துவிட்டேன். நிரபராதி என்று தெரிந்தால் நிம்மதி. குற்றவாளி என்று உறுதியானால்கூட ஒரு விதத்தில் நிம்மதிதான். எனக்கு இரண்டும் இல்லை...

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

சென்ற மாதம் ஒரு பகலில் பொன்னம்மாள் ஆபீஸ் வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள்.

"சாமி, நீ படிச்சவரு. ஒண்ணு கேக்குறேன், நெசத்த சொல்லு. அன்னிக்கு உன்கிட்ட வாய வுட்டேனே... லச்சுமி கன்னு அது இல்லேன்னு. மாடு இல்லாத எடத்துலதான் சொன்னேன். ஆனா சொல்லக் கூடாதத சொல்ட்டேன். வூட்டுக்குப் போனா லச்சுமி என்னியே பாத்துக்கினு கீது. அன்னிலேருந்துதான் என் கொட்டிலு அழிஞ்சிது. நான் வாய வுட்டதாலதானே சாமி?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். இல்லை பொன்னம்மா, நீ சொன்னது ஒன்றுதான் அந்த இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த உண்மை, கெடுத்தவன் நான், டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை... வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்து அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தேன்.

"இருக்கலாம்," என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, "நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மற்ற மாடுகளை விற்றவள் லட்சுமியை மட்டும் விற்கவில்லை. கிழப் பசு, வற்றிப்போய் நாளாகிறது. கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள். தப்புப் பண்ணியது தான்தான், அதற்காக லட்சுமி பட்டினி கிடக்கக் கூடாது என்கிறாளாம். சாணி அள்ளிச் சம்பாதிப்பதில் முதலில் அதற்கு வைக்கோல், மிச்சத்தில் தனக்குக் கஞ்சி. வெள்ளிக்கிழமைதோறும் அதன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறாள் என்று எங்கள் வேலைக்காரி சொன்னாள். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

இன்று காலையிலும் மந்தைவெளி வழியாகத்தான் ஆபீசுக்குப் போனேன். பொன்னம்மாள் லட்சுமிக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள். நான் சைக்கிளை நிறுத்தாமல் ஒரு கையை மட்டும் தூக்கிவிட்டுப் போனேன்.